காட்டுத் தரையில் ஒரு படம்: அழகும் வேண்டும், உண்மையும் வேண்டும்

2011ஆம் ஆண்டு மே மாதம். கோலாலம்பூருக்கு வடக்கே உள்ள சிலாங்கூர் மாநிலப் பூங்காவில் குவெக் ஹோக் பிங் என்ற மலேசிய நிழற்படக் கலைஞர் ஒரு சின்னஞ்சிறு பூச்சியைக் கண்டார். பச்சை உடல், கண்ணாடி போன்ற சிறகுகள், அவற்றின் மேல் கறுப்புக் கோடுகளும் நீலப் பொட்டுகளும். சில படங்கள் எடுத்தார். பூச்சி பறந்து போய்விட்டது. படங்களை ஃபிளிக்கர் இணையத்தளத்தில் ஏற்றினார்.

அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் பணியாற்றும் பூச்சியியல் வல்லுநர் ஷான் விண்டர்டன் அந்தப் படத்தைத் தற்செயலாகப் பார்த்தார். பூச்சி எந்த வகை என்பது அவருக்குப் புரிந்தது. ஆனால் சிறகில் இருந்த அந்தக் கோலத்தை அவர் அதற்கு முன் கண்டதில்லை. சக வல்லுநர்களைக் கேட்டார், அவர்களுக்கும் தெரியவில்லை. ஏறக்குறைய ஓராண்டு கழித்து குவெக் அதே இடத்துக்குச் சென்று, அதே வகைப் பூச்சி ஒன்றைப் பிடித்தார். அது லண்டனில் உள்ள இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்கு அனுப்பப்பட்டது. அங்கு பணியாற்றிய ஸ்டீவன் புரூக்ஸ், அது அறிவியல் இதுவரை பெயரிடாத இனம் என்று உறுதி செய்தார். 2012இல் மூவரும் சேர்ந்து எழுதிய ஆய்வுக் கட்டுரை வெளிவந்தது. பூச்சியின் பெயர் செமாகிரைசா ஜேட்.

மாணவர்களே, இந்தக் கதையில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. படம் எடுத்த நேரத்தில் அது புதிய இனம் என்று யாருக்கும் தெரியாது. சிறகின் கோடுகள் தெளிவாகப் பதிந்திருந்ததால்தான் பின்னால் ஒருவர் அதைக் கண்டுகொள்ள முடிந்தது. கோடுகள் மங்கியிருந்தாலோ, “அழகாக இருக்கட்டும்” என்று யாராவது நிறத்தை மாற்றியிருந்தாலோ, அந்தப் படம் ஆயிரத்தில் ஒன்றாகிப் போயிருக்கும்.

இயற்கையை நெருங்கி எடுக்கும் படம் ஒரு சாட்சி. சாட்சி தெளிவாகப் பேச வேண்டும், பொய் சொல்லக்கூடாது. உங்கள் கையில் இருக்கும் கைப்பேசியைக் கொண்டே அப்படிப்பட்ட படத்தை எடுக்க முடியும். அதற்கு மிக நல்ல இடம் உங்கள் காலடியில் இருக்கிறது.

காட்டுத் தரை ஏன் இருட்டு? ஏன் பச்சை?

நம் மழைக்காட்டில் நுழைந்ததும் முதலில் கண் உணர்வது நிழலைத்தான். உயர்ந்த மரங்களின் மேல் விழும் சூரிய ஒளியில் ஏறக்குறைய நூற்றில் இரண்டு பங்கு மட்டுமே தரையை எட்டுகிறது. மீதியை மேலே உள்ள இலைகள் அடுக்கடுக்காகப் பிடித்துக்கொள்கின்றன.

ஒளிச்சேர்க்கைக்கு இலைகள் சிவப்பையும் நீலத்தையும் அதிகமாக எடுத்துக்கொள்கின்றன. பச்சை ஒளியில் ஒரு பகுதி அவற்றைத் தாண்டிக் கீழே வருகிறது. ஆகவே தரையில் கிடைப்பது குறைந்த ஒளி மட்டுமன்று, பச்சை கலந்த ஒளியும்கூட. நம் மூளை அதைத் தானாகவே சரிசெய்துகொள்வதால் வெள்ளைக் காளான் நமக்கு வெள்ளையாகவே தெரிகிறது. கேமராவுக்கு அந்த மூளை இல்லை. படத்தில் அதே காளான் பச்சையாகவோ மஞ்சளாகவோ வந்து நிற்கும்.

இடையிடையே கிளைகளின் சந்து வழியே சுள்ளென்று விழும் வெயில் இன்னொரு தொல்லை. அந்த வெயில் திட்டு வெளுத்துப்போகும். பக்கத்து நிழல் கருத்துப்போகும். அதனால் உச்சி வெயில் நேரத்தைத் தவிருங்கள். மேகமூட்டமான காலையும், மழை விட்ட பிறகு வரும் நேரமும் நல்லவை. மழைக்குப் பின் சருகுகள் நனைந்து நிறம் கூடும்; காளான்களும் முளைத்திருக்கும்.

எதைச் சொல்லப் போகிறீர்கள்?

விழுந்து கிடக்கும் ஒரு கிளையில் கிண்ணக் காளான்கள் வரிசையாக முளைத்திருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். நம் நாட்டுக் காடுகளில் இவை அரியவை அல்ல. சிவப்பு, ஆரஞ்சு அல்லது இளஞ்சிவப்பு நிறத்தில், விரல் நுனி அகலத்தில், சின்னக் கிண்ணத்தை நிமிர்த்தி வைத்ததுபோல் இருக்கும். சில வகைகளில் கிண்ணத்தைச் சுற்றி மெல்லிய முடிகள் இருக்கும்.

பெரும்பாலோர் நின்றபடியே கைப்பேசியை நீட்டி ஒரு படம் எடுத்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். வீட்டில் பார்த்தால் படம் நிறையச் சருகு, குச்சி, வேர். நடுவில் எங்கோ சில சிவப்புப் புள்ளிகள். காட்டில் கண் காளானை மட்டும் பார்த்தது. கேமரா அத்தனையையும் பார்த்தது. அதுதான் காரணம்.

எனவே படம் எடுப்பதற்கு முன் ஒரு வாக்கியம் சொல்லிப் பாருங்கள். “இந்தக் காளான் மட்கும் கிளையில் வரிசையாக வளர்கிறது” என்பது உங்கள் வாக்கியமானால், கிளை படத்தில் நீளமாகத் தெரிய வேண்டும். அதை மூலைக்கு மூலை சாய்வாக வைத்தால் பார்ப்பவரின் கண் வரிசையோடு நகரும். “கிண்ணத்தின் விளிம்பில் முடிகள் உள்ளன” என்பது வாக்கியமானால், ஒரே ஒரு கிண்ணம் போதும்; முடிகளுக்குப் பின்னால் இருண்ட, வெறுமையான இடம் வேண்டும். “கிண்ணத்தில் மழைநீர் தேங்கியிருக்கிறது” என்றால் சற்று மேலிருந்து, உள்ளே எட்டிப் பார்க்கும் கோணம் வேண்டும். ஒரே காளான், மூன்று வாக்கியங்கள், மூன்று படங்கள்.

மரவட்டை போன்று ஊர்ந்து செல்லும் உயிரைப் படம் பிடித்தால், அது போகும் திசையில் சற்றுக் கூடுதல் இடம் விடுங்கள். தலை படத்தின் ஓரத்தில் முட்டிக்கொண்டு நின்றால் பார்ப்பவருக்கு மூச்சு முட்டும்.

இறங்குங்கள், பின்னணி மாறும்

சின்னப் பொருளைப் பெரிய மனிதனின் உயரத்திலிருந்து பார்த்தால் அதன் பின்னணி எப்போதும் தரைதான். காளானும் சருகும் ஒரே தூரத்தில் இருப்பதால் இரண்டும் ஒரே தெளிவில் விழுந்து போட்டியிடும். கேமராவைக் காளானின் உயரத்துக்கு இறக்கிப் பாருங்கள். இப்போது பின்னணி சில மீட்டருக்கு அப்பால் உள்ள புதர். அது மங்கிய பச்சைத் திரையாகிவிடும். காளான் மட்டும் முன்னால் எழுந்து நிற்கும்.

கைப்பேசியைத் தலைகீழாகப் பிடிப்பது ஒரு நல்ல உத்தி. பல கைப்பேசிகளில் கேமரா மேல் மூலையில் இருக்கிறது. திருப்பிப் பிடித்தால் லென்ஸ் தரையை ஒட்டி வந்துவிடும்.

மண்டியிடும் முன் அந்த இடத்தை நன்றாகப் பாருங்கள். எறும்பு, அட்டை, தேள், பாம்பு எதுவும் இருக்கலாம். ஒரு பிளாஸ்டிக் விரிப்பைக் கொண்டு செல்லுங்கள். ஆசிரியரோ பெற்றோரோ உடனில்லாமல் போகாதீர்கள்.

ஒரு மில்லிமீட்டர் கணக்கு

நெருங்க நெருங்கத் தெளிவாகத் தெரியும் பகுதியின் ஆழம் மிக வேகமாகக் குறையும். பெரிய உணரி கொண்ட கேமராவில், ஒரு சென்டிமீட்டர் பூச்சி உணரியின் மேலும் ஒரு சென்டிமீட்டராகவே விழும் அளவுக்கு நெருங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். எஃப் 8 என்னும் துவார அளவில் தெளிவாக இருக்கும் ஆழம் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர்தான். எறும்பின் கண் தெளிவாக இருந்தால் அதன் வயிறு மங்கிவிடும்.

துவாரத்தைச் சுருக்கினால் ஆழம் கூடும். ஆனால் மிகவும் சுருக்கினால் இயற்பியல் பாடத்தில் வரும் விளிம்பு விளைவு தலைகாட்டும். சிறிய துளை வழியே போகும் ஒளி அலை பரவுவதால் படம் முழுவதும் சற்று மழுங்கும். உள்ளே வரும் ஒளியும் குறையும். கைப்பேசியின் உணரி சிறியது. அதனால் இதைவிடக் கூடுதல் ஆழம் கிடைக்கும். ஆனாலும் இரண்டு மூன்று சென்டிமீட்டர் தூரத்தில் அதற்கும் இதே சிக்கல்தான்.

வழி என்ன? முக்கியமான பகுதிகள் எல்லாம் ஒரே தளத்தில் வரும்படி கேமராவைத் திருப்புங்கள். பூச்சி பக்கவாட்டில் நிற்கிறதா? கேமராவை அதன் உடலுக்கு இணையாக வையுங்கள். சிறகு விரித்து உட்கார்ந்திருக்கிறதா? சிறகின் தளத்துக்கு இணையாக மேலிருந்து எடுங்கள். உயிருள்ள பூச்சியென்றால் கண்ணில் ஃபோகஸ் வையுங்கள். கைப்பேசித் திரையில் அந்த இடத்தை அழுத்திப் பிடித்தால் பல கைப்பேசிகளில் ஃபோகஸ் அங்கேயே பூட்டிக்கொள்ளும்.

திரையை விரலால் விரித்துப் பெரிதாக்கி எடுக்கும் பழக்கத்தை விடுங்கள். நடுப்பகுதியை வெட்டி ஊதிக் காட்டும் வேலைதான் பெரும்பாலும் அங்கே நடக்கிறது. புதிய விவரம் எதுவும் சேராது. கைப்பேசியில் கவ்வும் சிறிய நெருக்கலென்ஸ் மலிவாகவே கிடைக்கும். அது உண்மையிலேயே உங்களை நெருங்க விடும்.

பச்சைப்பயறும் நொறுக்குத்தீனிப் பொட்டலமும்

இருட்டில் கேமரா கூடுதல் நேரம் ஒளியைச் சேர்க்க வேண்டியிருக்கும். அந்த நேரத்தில் கை ஆடினால் படம் கலங்கும். ஒரு சிறிய துணிப்பையில் பச்சைப்பயறு நிரப்பிக்கொள்ளுங்கள். தரையில் வைத்து அதன்மேல் கைப்பேசியைச் சாய்த்தால் அசையாது. பொத்தானை அழுத்தும்போது ஏற்படும் ஆட்டத்தைத் தவிர்க்க 2 விநாடித் தாமத அமைப்பைப் பயன்படுத்துங்கள்.

கைப்பேசியின் பளிச் விளக்கு காளானை ஈரப் பிளாஸ்டிக் பொம்மைபோல் மின்ன வைக்கும். மாறாக, உள்பக்கம் வெள்ளியாக மின்னும் நொறுக்குத்தீனிப் பொட்டலத்தைக் கழுவி விரித்து, நிழல் விழும் பக்கத்தில் பிடியுங்கள். வானத்தின் ஒளி திரும்பி விழும். அது கூர்மையாக இருந்தால் வெள்ளைத் தாளைப் பயன்படுத்துங்கள், ஒளி மென்மையாகும்.

அதே வெள்ளைத் தாள் இன்னொரு வேலையும் செய்யும். காளானுக்கு அருகில் அதை வைத்து ஒரு படம் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்த படத்தில் ஓர் அடிக்கோலை வைத்து எடுங்கள். முதலாவது நிறத்துக்குச் சான்று. இரண்டாவது அளவுக்குச் சான்று. பிறகு இரண்டையும் எடுத்துவிட்டு உங்கள் அழகான படத்தை எடுக்கலாம்.

காளானின் அடிப்பகுதியில் உள்ள மடிப்புகள் இனத்தை அறிய மிகவும் உதவும். அதற்காக அதைப் பிடுங்காதீர்கள். சிறிய முகக்கண்ணாடியைக் கீழே நுழைத்து, அதில் தெரியும் பிம்பத்தைப் படம் எடுங்கள். தொடாமலே வேலை முடியும். எந்தக் காளானையும் வாயில் வைத்துப் பார்க்காதீர்கள். பூச்சியைக் குளிரவைத்தோ, குச்சியால் தள்ளியோ, வேறு இடத்தில் வைத்தோ எடுக்கும் படம் அந்தப் பூச்சியின் வாழ்க்கையைச் சொல்வதில்லை. ஒரு சருகை நகர்த்தினால் மறுபடி அதே இடத்தில் வையுங்கள். அதன் கீழ் ஒரு வீடு இருக்கிறது.

திருத்தம்: எது சரி, எது பொய்?

வீட்டுக்கு வந்ததும் முதலில் மூலப்படத்தின் நகலை எடுத்து, நகலில் மட்டும் வேலை செய்யுங்கள். மூலம் தொடப்படாமல் இருக்கட்டும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் முன் இந்தக் கேள்வியைக் கேளுங்கள்: நான் கேமராவின் குறையைச் சரிசெய்கிறேனா, காட்டில் இருந்ததை மாற்றுகிறேனா?

நிறத்திலிருந்து தொடங்குங்கள். வெள்ளைத் தாள் இருந்த படத்தைத் திறந்து, தாள் வெள்ளையாகத் தெரியும் வரை வைட் பேலன்ஸ் அமைப்பை மாற்றுங்கள். அதே அளவை மற்றப் படங்களுக்கும் கொடுங்கள். பச்சைப் பூச்சு விலகும். இது கேமராவின் குறையைச் சரிசெய்வது.

அடுத்தது வெளிச்சம். சிவப்புக் கிண்ணத்தில் ஒரு பொறி இருக்கிறது. பல கைப்பேசிகள் நிறத்தைத் தாமாகவே கூட்டிக் காட்டுகின்றன. சிவப்பு அதன் எல்லையை மீறினால் கிண்ணத்தின் வளைவும் முடிகளும் ஒரே சிவப்பு அப்பலாகிவிடும். அப்படி இழந்த விவரத்தைப் பின்னால் மீட்க முடியாது. ஆகவே எடுக்கும்போதே வெளிச்சத்தைச் சற்றுக் குறைத்து எடுங்கள். திருத்தும்போது நிறச்செறிவையும் குறைத்துப் பாருங்கள்.

பிறகு ஓரங்களை வெட்டுதல். உங்கள் வாக்கியத்துக்கு உதவாததை வெட்டலாம். ஆனால் காளான் எதன்மேல் வளர்கிறது என்பதை வெட்டிவிடாதீர்கள். மண்ணா, மரமா, சாணமா என்பது வல்லுநருக்கு முதல் துப்பு. கடைசியாகக் கூர்மையாக்குதல். கொஞ்சம் போதும். அளவு மீறினால் விளிம்புகளைச் சுற்றி வெள்ளைக் கோடு தோன்றும். இல்லாத முடி இருப்பதுபோல் தெரியும்.

இப்போது எச்சரிக்கையான இடம். விரலால் தடவினால் பொருளை மறைய வைக்கும் வசதி பல கைப்பேசிகளில் வந்துவிட்டது. மங்கிய படத்தைத் தெளிவாக்கித் தரும் செயற்கை நுண்ணறிவுச் செயலிகளும் உள்ளன. பின்னணியில் கிடந்த குச்சியை மறைத்தால், அந்த இடத்தில் செயலி தானாக ஒரு தரையை வரைகிறது. மங்கிய சிறகைத் “தெளிவாக்கினால்”, வேறு எங்கோ பார்த்த சிறகுகளின் கோடுகளை ஊகித்து வரைகிறது. பார்க்க அழகாக இருக்கும். ஆனால் அந்தக் கோடுகள் காட்டில் இருந்தவை அல்ல. செமாகிரைசா ஜேட் பூச்சியின் சிறகை நினைத்துப் பாருங்கள். புதிய இனம் என்று காட்டிக்கொடுத்ததே அந்தக் கோலம்தான். அதை ஒரு செயலி வேறொரு பூச்சியின் சிறகுபோல் வரைந்திருந்தால்?

அழகுக்காகச் செய்யும் சாதாரண மாற்றமும் சில சமயம் உண்மையைக் கெடுக்கும். மலாயாக் கொம்புத் தவளை பழுப்பு நிறம்; கண்ணுக்கு மேலும் மூக்கிலும் கூர்மையான மடிப்புகள் நீட்டிக்கொண்டிருக்கும். சருகுகளுக்கு நடுவே உட்கார்ந்தால் அதுவும் ஒரு சருகு. அந்தப் படத்தில் பின்னணியை மங்கவைத்து, தவளையின் நிறத்தைக் கூட்டினால் தவளை பளிச்சென்று தெரியும்; அதன் ஒளிந்துகொள்ளும் திறமை காணாமல் போகும். அங்கே சருகும் தவளையும் ஒரே தெளிவில் இருப்பதுதான் உண்மையான படம்.

கண் காணாததைக் கேமரா காட்டுவது எப்போதும் பொய்யாகாது. இருளில் மெல்ல ஒளிரும் காளான்கள் நம் காடுகளில் உண்டு. கண்ணுக்கு அது மங்கிய ஒளி. பல விநாடிகள் ஒளியைச் சேர்த்து எடுக்கும் படத்தில் அது பளிச்சென்ற பச்சை. அந்தப் படத்தின் கீழ் “30 விநாடிகள் ஒளி சேர்த்து எடுத்தது” என்று எழுதிவிட்டால் யாரும் ஏமாற மாட்டார்கள். பல படங்களை வெவ்வேறு ஆழத்தில் எடுத்து ஒன்றாகச் சேர்த்தாலும் அதைக் குறிப்பிடுங்கள். ஒரு வரிக் குறிப்பு படத்தின் நேர்மையைக் காப்பாற்றும்.

இடத்தைச் சொல்லலாமா?

காட்டுத் தரையில் இன்னும் எவ்வளவு மறைந்திருக்கிறது என்பதற்குத் திஸ்மியா என்னும் செடிப் பேரினம் நல்ல சான்று. இவற்றுக்குப் பச்சையம் இல்லை. மண்ணில் உள்ள பூஞ்சணத்திடமிருந்து உணவைப் பெறுகின்றன. சிறிது காலம் மட்டும் சருகுகளுக்கு இடையே விளக்குபோல் பூத்து மறைகின்றன. 1866இல் இத்தாலியத் தாவரவியலாளர் ஒடோவார்டோ பெக்காரி சரவாக்கில் திஸ்மியா நெப்டூனிஸ் என்ற செடியைக் கண்டு வரைந்து வைத்தார். அதன்பின் 2017 வரை அதை எவரும் பார்த்ததாகப் பதிவில்லை. 151 ஆண்டுகள் கழித்துச் செக் நாட்டு ஆய்வாளர்கள் அதே பகுதியில் அதைக் கண்டு முதன்முறையாகப் படம் எடுத்தார்கள்.

சிலாங்கூரின் உலு லங்காட்டிலும் மக்கள் பொழுதுபோக்க வரும் ஆற்றங்கரைக் காட்டில் 2023இல் ஒரு திஸ்மியா கண்ணில் பட்டது. 2025இல் திஸ்மியா செலாங்கோரென்சிஸ் என்று பெயரிடப்பட்டது. அப்போது கண்டறியப்பட்டவை 20 செடிகளுக்கும் குறைவு. இப்படிப்பட்ட செடிக்கு மிகப் பெரிய ஆபத்துகளில் ஒன்று மனிதக் கால். படம் எடுக்க நூறு பேர் ஓடிவந்தால் அந்தச் செடி மிதிபட்டே அழியும்.

கைப்பேசிப் படத்துக்குள் எடுத்த இடத்தின் குறிப்பும் மறைந்திருக்கலாம். அரிய செடி அல்லது உயிரினத்தின் படத்தைச் சமூக ஊடகத்தில் போடும் முன் அந்தக் குறிப்பை நீக்குங்கள். ஐநேச்சுரலிஸ்ட் போன்ற குடிமக்கள் அறிவியல் தளத்தில் ஏற்றும்போது தேதியும் இடமும் அவசியம். அழியும் நிலையில் உள்ள பல இனங்களின் சரியான இடத்தை அந்தத் தளம் தானாகவே பொதுமக்கள் பார்வையிலிருந்து மறைத்துவிடும். ஆய்வாளருக்குத் தகவல் கிடைக்கும், செடிக்கும் பாதுகாப்பு.

செய்து பாருங்கள்

தொடங்குவதற்குக் காடு வேண்டியதில்லை. பள்ளித் திடலின் ஓரத்தில் உள்ள மரத்தடி போதும். ஒரு முழம் சதுரத்துக்குக் கயிறு போட்டு, அதற்குள் மட்டும் அரை மணி நேரம் பாருங்கள். ஓர் உயிரைத் தேர்ந்தெடுத்து நான்கு படங்கள் எடுங்கள்: அது இருக்கும் இடம், முழு உருவம், ஒரு நெருங்கிய விவரம், அடிக்கோலோடு ஒரு பதிவு. திருத்திய படத்தையும் மூலப்படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நண்பரிடம் காட்டுங்கள். “என்ன மாறியிருக்கிறது?” என்று கேளுங்கள். அவர் சொல்லும் ஒவ்வொரு மாற்றத்துக்கும் காரணம் சொல்ல முடிந்தால் உங்கள் படம் தேறிவிட்டது.

பிறகு கெப்போங்கில் உள்ள மலேசிய வன ஆய்வுக் கழக வளாகம் போன்ற இடத்துக்கு ஆசிரியரோடு செல்லுங்கள். இப்போது அங்கே நிற்கும் காட்டின் பெரும்பகுதி, ஈயச் சுரங்கத்தால் பாழான நிலத்தில் 1920களில் இருந்து மனிதர்கள் நட்டு வளர்த்தது. பாதையை விட்டு விலகாதீர்கள், பறிக்காதீர்கள், விதிகளைக் கேட்டறிந்துகொள்ளுங்கள். பாதையோரச் சருகில் நீங்கள் காண்பது ஏற்கெனவே பெயருள்ள உயிராகவே பெரும்பாலும் இருக்கும். ஆனால் எது பெயரில்லாதது என்பது படம் எடுக்கும் அந்த நிமிடத்தில் உங்களுக்குத் தெரியப் போவதில்லை. அதனால் ஒவ்வொன்றையும் தெளிவாகவும் நேர்மையாகவும் எடுத்து வையுங்கள்.